கழுத்தைத் தொடுமுன் கேட்கவேண்டியது

மருத்துவ மாணவர்களின் இறுதிப் பரீட்சைக்கு நோயாளிகளைத் தேடும் வேலை, பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பே தொடங்கிவிடும். மண்ணீரல் வீங்கியவர் யாராவது இருக்கிறாரா, இருதய வால்வில் முணுமுணுப்புக் கேட்கிறவர் இருக்கிறாரா, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர் இருக்கிறாரா என்று இளம் டொக்டர்கள் வார்டு வார்டாக விசாரித்துக்கொண்டு வருவார்கள். கையால் தொட்டோ காதால் கேட்டோ உறுதிப்படுத்தக்கூடிய அடையாளம் இருந்தால்தான் அது ‘நல்ல கேஸ்’. பல வருடமாகக் கழுத்து வலிக்கிறது என்று சொல்லும் கொழுந்து எடுக்கும் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. அவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

பரீட்சையில் வராததை மாணவர்கள் படிப்பதில்லை. அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஐந்து வருடப் படிப்பில் தலைக்கு மேலே பாடம். எதை வைத்துத் தங்களை நிறுப்பார்களோ அதைத்தான் அவர்கள் தேடிப் படிப்பார்கள். ஆகவே கழுத்து வலியை எந்த டொக்டரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்று லிந்துலையில் ஒரு பெண் முறையிட்டால், அந்த முறைப்பாட்டின் ஒரு பகுதி பரீட்சகர்களாகிய எங்களுக்கு வந்து சேரவேண்டியது.

இரண்டு பக்கத்திலும் எனக்கு வேலை இருக்கிறது. வைத்தியசாலை நிபுணர் என்ற முறையில் மருத்துவ பீடம் அழைக்கும்போது பரீட்சகராகப் போகிறேன். ஓய்வு கிடைக்கும் சனி, ஞாயிறுகளில் லிந்துலையில் நோயாளிகளைப் பார்க்கிறேன். என் அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். அதனால் கூடையைப் பற்றி நான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்து எலும்பின் பெயர்களைத்தான் பேராதனைக்குப் போய்ப் படித்தேன்.

லிந்துலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலவாக்கலையிலிருந்து அக்கரபத்தனைக்குப் போகும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே இருக்கிறது எங்கள் ஊர். கிரேட் வெஸ்டர்ன் மலை ஒரு பக்கம் நிற்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென் கூம்ஸ் தோட்டமும் தொலைவில் இல்லை. தேயிலைச் செடிக்கு என்ன நோய் வரும், அதற்கு என்ன மருந்து என்று அங்கே சுமார் ஒரு நூற்றாண்டாக ஆராய்கிறார்கள். பயனுள்ள, பெருமைப்படவேண்டிய வேலை. கொழுந்து எடுப்பவரின் கழுத்துக்கு அப்படி ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைக்கிறேன்.

மனிதத் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதை ஏழு கழுத்தெலும்புகளும் அவற்றுக்கிடையே உள்ள வட்டுகளும் தாங்குகின்றன. பின்கழுத்துத் தசைகள் அதை முன்னால் விழாமல் இழுத்துப் பிடிக்கின்றன. நிமிர்ந்து நிற்கும்போது தசைக்கு அதிக வேலையில்லை. குனிந்து செடியின் தளத்தைப் பார்க்கத் தொடங்கியதும் வேலை கூடுகிறது. இப்போது கூடைக் கயிற்றைச் சேர்த்துப் பாருங்கள். கயிறு நெற்றிக்கு மேலே, உச்சந்தலைக்குச் சற்று முன்னால் கிடக்கிறது. கூடையோ சாக்கோ முதுகில் தொங்கித் தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுப்பைச் சமாளிக்க அவர் கழுத்தை முன்னுக்குக் கொடுத்து நிற்கிறார். பின்கழுத்துத் தசையோடு இப்போது முன்கழுத்துத் தசையும் இறுகுகிறது. இரண்டு பக்கத்து இறுக்கமும் நடுவிலுள்ள எலும்பையும் வட்டையும்தான் அழுத்துகிறது. கை இரண்டும் செடிக்கு மேலே நீட்டியபடி ஓயாமல் ஓடுகின்றன. அதனால் தோள்பட்டைத் தசைக்கும் ஓய்வில்லை. காலடியில் சரிவு. மழை நாளில் ஈரக் கொழுந்தின் பாரம் வேறு. பல தோட்டங்களில் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், முழுதாக விழ 18 கிலோ வேண்டும், சில இடங்களில் 20. எடுத்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுபோவதும் அதே தலையில்தான்.

தலையில் சுமப்பதைப் பற்றி உலகம் வியந்து எழுதியிருக்கிறது. 1986இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் கென்யாவின் லூவோ, கிகுயு பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. லூவோ பெண்கள் தலைக்கு மேலேயும், கிகுயு பெண்கள் எங்கள் பெண்களைப்போல நெற்றிப் பட்டையில் முதுகிலும் சுமப்பவர்கள். தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் கூடுதல் சக்தி செலவாகாமலே சுமந்து நடந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 2005இல் நேபாளச் சுமைகாரர்களைப் பற்றியும் அப்படி ஓர் ஆய்வு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. இரண்டும் முக்கியமான ஆய்வுகள். ஆனால் அவை அளந்தது மூச்சையும் சக்திச் செலவையும். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதில் கழுத்தைத் திருப்ப முடிகிறதா, இரவில் எந்தப் பக்கம் படுத்து உறங்குகிறார் என்பது அந்த அளவுக்குள் வராது. குறைந்த சக்தியில் சுமக்கலாம் என்பதால் கழுத்துக்குக் கேடில்லை என்று ஆகிவிடாது.

எதை அளக்க முடிகிறதோ அதற்கு மருந்து முந்திக் கிடைக்கும் என்பது எங்கள் மலைநாட்டு வரலாற்றிலேயே தெரிகிறது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக வெள்ளைக்கார அரசாங்கம் 1912இல் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில் தொடங்கியது. கொக்கிப்புழுவின் முட்டையை நுணுக்குக்காட்டியில் எண்ணலாம். எண்ணியதைக் காட்டி, தொழிலாளிக்கு இரத்தம் குறைந்தால் வேலை குறையும் என்று துரைமாருக்கு விளங்கவைக்கலாம். நல்லதுதான் நடந்தது; அதனால் பிழைத்தவர்கள் பலர். கழுத்து வலிக்கு எண்ணிக்காட்ட ஒரு முட்டையும் இல்லை. வலிக்கிறது என்று சொல்பவரின் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி. 2020இல் உலகத்தில் 20 கோடிக்கு மேற்பட்டவர்கள் கழுத்து வலியோடு இருந்தார்கள் என்று உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கும் வாய்ச்சொல்லைக் கேட்டு எடுத்ததே.

சனிக்கிழமை காலையில் வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அரைப்பேரை விட்டுவிட்டு வருகிறார்கள், ஆகவே வெகுநேரம் காக்கவைக்க முடியாது. பேச்சு இப்படித்தான் போகும்.

“என்னம்மா செய்யுது?”

“கழுத்து கொடையுது டொக்டரம்மா. ராவைக்குத் தூங்க ஏலாது.”

“எவ்வளவு நாளா?”

“அது கெடக்கு வருசக்கணக்கா. தீபாவளிக்குப் பொறவு கூடிப்போச்சு.”

“மலையில என்ன வேல? கொழுந்தா, புல்லு வெட்டா?”

“கொழுந்துதான்.”

“கயிறு எங்க போடுவீங்க, காட்டுங்க பாப்பம்.”

துவாயை எடுத்துத் தலையில் போட்டுக் காட்டுவார். காட்டும்போதே பாதி நோயை நான் பார்த்துவிடுவேன். எந்தப் பக்கம் சாய்கிறார், எந்தத் தோள் மேலே நிற்கிறது, கயிறு படும் இடத்தில் முடி மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்பேன். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார், விறகு யார் கொண்டுவருகிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார். நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடி, மாலையில் திரும்பி மறுபடி அடுப்பு மூட்டுகிறவருக்குக் கழுத்து எந்த நேரத்தில் ஆறும்? வீட்டில் குடியும் அடியும் இருந்தால் அதையும் மெதுவாகக் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் எந்த மருந்தும் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை.

அதற்குப் பிறகுதான் கழுத்தைத் தொடுவது. நாடி நெஞ்சைத் தொடுகிறதா, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க முடிகிறதா. தோளைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லி நான் அமுக்கினால் ஐந்தாவது நரம்பு வேர் தெரியும். மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னால் ஆறாவது. முழங்கையை நீட்டச் சொன்னால் ஏழாவது. பெருவிரல் மரத்தால் ஒன்று, நடுவிரல் மரத்தால் இன்னொன்று, சுண்டுவிரல் மரத்தால் வேறொன்று. கீழிமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவற்றைக் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. காசநோய் முள்ளந்தண்டிலும் வந்து உட்காரும், புற்றுநோயும் அப்படியே.

இவற்றையெல்லாம் விட நான் பயந்து தேடுவது முண்ணாண் நெரிவு. வட்டும் எலும்பு முளையும் சேர்ந்து கழுத்துக்குள்ளே முண்ணாணையே நெரிக்கும் நிலை அது. பல நேரம் வலி அதிகம் இருக்காது, அதுதான் ஆபத்து. ஒரு தடவை ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வந்தார். கழுத்து வலியைப் பற்றி அவர் பெரிதாகச் சொல்லவில்லை. “முந்தி இருவது கிலோ எடுப்பேன் டொக்டரம்மா. இப்ப பன்னெண்டுக்கு மேல ஏற மாட்டேங்குது. கங்காணி ஏசுறாரு. வெரலு சொன்ன பேச்சு கேக்குதில்ல” என்றார். வயது போனால் கிலோ குறையும் என்று நினைத்து விட்டிருக்கலாம். ஆனால் விரல் பேச்சுக் கேட்கவில்லை என்று கொழுந்து எடுப்பவர் சொன்னால், அது நரம்பு நிபுணர் எழுதும் எந்தக் குறிப்பையும் விடத் துல்லியமான குறிப்பு. ஒரு மொட்டையும் இரண்டு இலையையும் கிள்ளும் விரல் வேலையை நாள் முழுக்கச் செய்பவர் அவர். குறைவது அவருக்கு முதலில் தெரியும், அதைக் கிலோவில் சொல்கிறார். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். 10 விநாடியில் 20 தடவையாவது திறந்து மூட வேண்டும். அவரால் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் வர முடியவில்லை. நடக்கச் சொன்னேன், கால் விறைத்திருந்தது. முழங்காலில் சுத்தியல் பட்டதும் கால் துள்ளியது. கண்டிக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்து, சத்திரசிகிச்சையும் நடந்தது. நெரிவு மேலும் கூடாமல் நின்றது. விரலின் வேகம் முழுதாகத் திரும்பவில்லை. கிலோ குறையத் தொடங்கியபோதே யாராவது கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதுக்கு மேற்பட்ட, வலியே இல்லாத பத்துப் பேரை எடுத்துப் படம் பிடித்தாலும் பெரும்பாலானோரின் கழுத்தில் தேய்மானம் தெரியும். அது முடி நரைப்பதைப்போல வயதோடு வருவது. ஆனால் எங்கள் பக்கத்தில் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, “எலும்பு தேஞ்சு போச்சு” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதைக் கேட்டு வந்தவர் கழுத்தை அசைக்கப் பயந்து, தலையைச் சிலையாக வைத்துக்கொள்கிறார். அசையாத தசை மெலிகிறது, மெலிந்த தசை சீக்கிரம் களைத்து வலிக்கிறது. நான் அந்தப் படத்தை அவரிடமே காட்டி, “இந்த வயசுல எனக்கும் இப்பிடித்தான் இருக்கும். எலும்பு பலமா நிக்குது, நரம்பு நல்லா இருக்கு, நீங்க பயமில்லாம திருப்பலாம்” என்று சொல்லி, அங்கேயே திருப்பச் செய்வேன். பலருக்கு அந்த ஐந்து நிமிடமே மருந்தின் முதல் வேளை.

மாத்திரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் அது இல்லாமலும் முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நின்ற வலிக்கு பெனடோல் கொஞ்சம்தான் கேட்கும். பாமசியில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்லோபெனாக்கை வெறும் வயிற்றில், தேத்தண்ணியோடு, மாதக்கணக்கில் போட்டு இரைப்பையில் புண்ணோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பிரஷர் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அது இன்னும் கெடுதல். சில நாள் மட்டும், சாப்பிட்ட பிறகு என்று எழுதிக்கொடுப்பேன். தூக்கம் கெட்டவர்களுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் உதவும். ஆனால் அதைப் படுக்கும்போது போடுங்கள் என்று எழுதினால் விடியற்காலையில் எழும்ப முடியாமல் பெரட்டைத் தவறவிடுவார், மறுநாளே மருந்தை நிறுத்திவிடுவார். இருட்டியதும், ஏழு மணிக்கே போடச் சொல்லவேண்டும். நான் படித்த பாடநூல்களில் இது இல்லை. மலையின் நேரம் தெரிந்தால்தான் எழுத வரும். கழுத்துப் பட்டி வாங்கிப் பல மாதம் கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கழற்றச் சொல்கிறேன். சித்தாலேப தேய்ப்பதை நான் தடுப்பதில்லை. தேய்த்துவிட வீட்டில் ஒரு கை இருக்கிறது என்பதும் நல்லதுதான்.

உடற்பயிற்சிதான் முதன்மையான மருந்து, அதைக் கொடுப்பதில்தான் டொக்டருடைய திறமை தெரியும். அச்சடித்த படத்தாளைக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் பாய் விரித்துச் செய்யுங்கள் என்றால் லயத்துக் காம்பராவில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே நாளுக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைத் தேடினேன். நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது. கூடையை இறக்கி வைத்தபடி நாடியை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுவது, பிறகு பின்தலையில், பிறகு இரு பக்கமும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் சேர்த்துப் பிடிப்பது. ஒருவர் செய்தால் பக்கத்தில் நிற்பவரும் கேட்டுச் செய்கிறார். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

கயிற்றைத் தோளுக்கு மாற்றுங்கள் என்று சொல்வது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சுலபம். தோளில் மாட்டினால் கயிறு சதையை வெட்டுகிறது, கூடை ஆடுகிறது, கை எட்டவேண்டிய தூரம் எட்டுவதில்லை, எடுக்கும் அளவு குறைகிறது. பெண்கள் தலையில் மாட்டுவது அறியாமையால் என்று நினைப்பவர்கள் ஒரு நிரை கொழுந்து எடுத்துப் பார்க்கவேண்டும். ஆகவே நான் கேட்பது வேறு: பாதி நிறைந்ததும் நிரையின் ஓரத்திலுள்ள சாக்கில் கொட்டிவிட முடியுமா? அதற்குக் கங்காணியின் சம்மதம் வேண்டும். அதனால் துண்டு எழுதும்போது ‘லேசான வேலை’ என்று மட்டும் எழுதுவதை விட்டுவிட்டேன். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் சில இடங்களில் வேலையே இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், சம்பளம் போய்விடுகிறது. ‘ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தலையில் தொங்கவிடக்கூடாது, இடையிடையே கொட்ட அனுமதிக்கவும், மற்றபடி வழக்கமான வேலை செய்யலாம்’ என்று எழுதுகிறேன். இப்படி எழுதினால் தோட்டத்து ஐயாமாரும் கணக்கப்பிள்ளையும் பல நேரம் ஒத்துழைக்கிறார்கள்.

இனிப் பரீட்சைக்கு வருகிறேன். ‘லோங் கேஸ்’ என்ற பகுதியில் மாணவர் ஒரு நோயாளியோடு தனியே இருந்து விசாரித்து, பரிசோதித்து, பிறகு இரண்டு பரீட்சகர்களிடம் வந்து சொல்லவேண்டும். ஒவ்வொரு பரீட்சகரும் தன் புள்ளியைத் தனியாக எழுதிய பிறகே மற்றவரோடு பேசவேண்டும். பேசிவிட்டு எழுதினால் மூத்தவரின் புள்ளியே இருவரின் புள்ளியாகிவிடும். பிரித்தானியாவின் எம்.ஆர்.சி.பி. செய்முறைப் பரீட்சையை 2006இல் ஆராய்ந்தவர்கள், புள்ளிகளிலுள்ள ஒழுங்கான வேறுபாட்டில் 12 சதவீதம் பரீட்சகரின் கண்டிப்பாலும் இளக்கத்தாலும் வருகிறது என்று கண்டார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது மறுபடி பரீட்சை எழுதக் காத்திருக்கும் ஆறு மாதம். இதை மனதில் வைத்துத்தான் நான் பேனாவை எடுக்கிறேன்.

எங்கள் நாட்டில் இன்னொரு எடைக்கல்லும் உள்ளே நுழைகிறது, அது இங்கிலீஷ். தடையில்லாமல் பேசுகிற மாணவர் கெட்டிக்காரராகவே தோன்றுவார். தோட்டப் பாடசாலையிலோ அனுராதபுரத்துக் கிராமத்துப் பாடசாலையிலோ படித்துவந்த பிள்ளை சொல்லுக்குத் தடுமாறும்போது அறிவே தடுமாறுவதாகத் தோன்றும். நோயாளியோடு பேசும் நேரத்தில் நான் பக்கத்தில் இருந்து பார்க்க விரும்புவது அதனால்தான். எங்களிடம் திக்கிய பிள்ளை நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து அழகாகக் கேட்டதையும், எங்களிடம் சரளமாக ஒப்புவித்தவர் நோயாளியின் முகத்தையே பார்க்காததையும் கண்டிருக்கிறேன். தமிழ் தெரியாத மாணவருக்குத் தமிழ் நோயாளி கிடைத்தால் உதவிக்கு ஒருவரை வைக்கவேண்டும், சிங்கள நோயாளி கிடைத்த தமிழ் மாணவருக்கும் அப்படியே. சிங்களப் பிள்ளைகள் சிலர் “எங்க நோவு? எப்ப தொடங்கினது?” என்று தாங்களாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு அதற்கெனப் புள்ளி இல்லை. நோயாளி மனம் திறந்து சொல்வதால் கிடைக்கும் விவரமே அவர்களுக்கு லாபம்.

கழுத்து வலி உள்ள கொழுந்துக்காரரை லோங் கேஸாக வைக்கவேண்டும் என்று பரீட்சைக் கூட்டமொன்றில் கேட்டேன். மண்ணீரல் வீங்கியவரைப் பெற்ற மாணவரோடு ஒப்பிட்டால் இது நியாயமா, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். பொறுப்புள்ள கேள்வி அது. இல்லை என்று உறுதிசெய்வதும் கண்டுபிடிப்புத்தான் என்றேன். நரம்பு வேரில் அழுத்தம் இல்லை, முண்ணாண் நெரியவில்லை, காசநோய் இல்லை, புற்று இல்லை என்பதை ஒழுங்காகப் பரிசோதித்துச் சொல்லும் மாணவருக்கு மண்ணீரலைத் தடவியவரை விட அதிக வேலை. அதற்குப் பிறகு, இந்தப் பெண் நாளை மலைக்குப் போவாரா, போனால் எப்படி என்று சொல்லவேண்டும். டொக்டராகப் பதிவாகி முதல் வருடத்தில் அவர் பார்க்கப்போகும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும், எத்தனை பேருக்கு வலி இருக்கும்? நண்பர் ஒத்துக்கொண்டார், ஆனால் புள்ளித்தாளை முன்கூட்டியே எழுதி எல்லாப் பரீட்சகரும் ஒரே அளவில் பார்க்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். அது என்னுடைய யோசனையை விடச் சிறந்த யோசனை.

புள்ளித்தாள் எழுதும்போதுதான் சிக்கல் புரிந்தது. 1975இல் டண்டியில் ஹார்டனும் அவர் தோழர்களும் நிலையம் நிலையமாக மாணவரை நகர்த்தி, ஒரே பட்டியலால் எல்லோரையும் அளக்கும் ‘ஒஸ்கி’ பரீட்சையை அறிமுகப்படுத்தினார்கள். அதனால் பரீட்சகரின் மனநிலைக்கு ஏற்பப் புள்ளி ஏறி இறங்குவது குறைந்தது. நான் அதை ஆதரிப்பவள். ஆனால் பட்டியலில் ‘தொழிலைக் கேட்டாரா’ என்று எழுதி அரைப் புள்ளி வைத்தால் என்ன நடக்கிறது? “என்ன வேல?” “தோட்டத்துல.” சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அரைப் புள்ளி விழுந்துவிட்டது, நோயாளியின் கழுத்துக்கு எந்தப் பயனும் இல்லை. இத்தாலியில் ரமஸ்ஸீனி என்ற வைத்தியர் 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், ஹிப்போகிரட்டீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு என்ன தொழில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். முந்நூறு வருடத்துக்குப் பிறகு அது பட்டியலில் ஒரு கோடாக வந்து நிற்கிறது. ரமஸ்ஸீனி தொழிலாளிகளின் பட்டறைகளுக்கே போய்ப் பார்த்தவர் என்பது பட்டியலில் வரவில்லை.

ஆகவே நான் கேட்டு வாங்கிய வரி இது: தொழிலைப் பற்றிய பதில் மாணவரின் அடுத்த கேள்வியை மாற்றியதா? “தோட்டத்துல” என்றதும் “கூடையா, சாக்கா? எங்கே மாட்டுவீர்கள்?” என்று கேட்டால் மாற்றியது. “போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எடுக்கிற கொழுந்து குறைந்திருக்கிறதா?” என்று கேட்டால், அந்த மாணவர் முண்ணாணைத் தேடத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம், அவருக்கு என் பேனா தயங்காது. மருந்து எழுதும்போது எந்த நேரத்தில் எழும்புவார் என்று கேட்டால் அதற்கும் புள்ளி. இது பரீட்சகரின் தீர்ப்பில் தங்கும் அளவுதான், எண்ணிக் கூட்டும் அளவு அல்ல. அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுவது கட்டாயம்.

எழுத்துப் பரீட்சையிலும் இதைக் கொண்டுவர முடியும். விடைத்தாளில் சுட்டெண் மட்டும் இருக்கும். யார், எந்த ஊர், எந்த இனம் என்று தெரியாது. அது நல்ல ஏற்பாடு. நான் ஒரு கேள்வியை எடுத்து எல்லாத் தாளிலும் அதைத் திருத்திய பிறகே அடுத்த கேள்விக்குப் போவேன். ஒரே தாளை முழுக்கத் திருத்தினால் முதல் விடையின் வெளிச்சமோ இருளோ கடைசி விடைவரை தொடரும். ‘46 வயதுப் பெண், எட்டு மாதமாகக் கழுத்து வலி, தேயிலைத் தோட்டத் தொழிலாளி, உங்கள் சிகிச்சைத் திட்டத்தை எழுதுக’ என்று கேட்டால் பெரும்பாலான தாள்களில் முதல் வரி ‘ஓய்வு’. எத்தனை நாள், யார் சம்பளத்தில் என்று அடுத்த வரி இருக்காது. ஓய்வு மட்டும் நாள்பட்ட கழுத்து வலியைக் குணமாக்குவதுமில்லை. அந்தத் தாளுக்கு நான் கொடுப்பது குறைவாகத்தான் இருக்கும். ‘சுமையைக் குறைத்து வேலையைத் தொடர வழிசெய்தல், பணியிடத்துக்குக் கடிதம், பயிற்சி, ஆறு வாரத்தில் மீண்டும் பார்த்தல்’ என்று எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் எந்த வைத்தியசாலைக்குப் போவார் என்று அறிய ஆசையாக இருக்கும்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முன் ஒரு சனிக்கிழமை வாருங்கள். கண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தலவாக்கலையில் இறங்கி அக்கரபத்தனை பஸ்ஸில் ஏறினால் லிந்துலை. காலையில் என்னோடு இருந்து நோயாளிகளைப் பாருங்கள், மத்தியான நிறுவைக்கு மலைக்குப் போவோம். கணக்கப்பிள்ளையிடம் நான் சொல்லிவைக்கிறேன். சம்மதிக்கிற அக்காமார் இருக்கிறார்கள். நிறைந்த கூடையை அவர்களே உங்கள் தலையில் மாட்டிவிடுவார்கள். அட்டை ஏறும், சப்பாத்துக்குள் உப்புத் தடவிக்கொண்டு வாருங்கள். ஸ்வெட்டரும் குடையும் வேண்டும்.